பள்ளி நூலகமும் பன்மைப் பண்பாடும்: நூல் தேர்வு பற்றிய ஒரு திறனாய்வு

பள்ளி நூலகத்திற்கு நூல் தேர்தல் திறனாய்வின்பாற்பட்ட செயலேயாகும். ஆயிரம் நூல்களுள் நூற்றினைக் கொண்டு ஏனையவற்றை விடுப்பவர், கொண்டவை கொள்ளத்தக்கன என்றும் விட்டவை விடத்தக்கன என்றும் தீர்ப்புக் கூறியவராகின்றார். அறிஞர் எழுதும் மதிப்புரையைப் படிப்பார் சிலர். ஏட்டில் எழுதப்படாத இத்தீர்ப்பின்கீழ்ப் பயில்வார் பலர். எட்டு வயதுச் சிறுவன் நூலின் தரம் உசாவிக் கடை கடையாகச் செல்வதில்லை. அவன் கைக்கெட்டும் தட்டில் இருப்பனவே அவனுக்கு இலக்கியம். ஆகலின், அத்தட்டில் எவர் வாழ்வு இடம்பெற்றது, எவர் வாழ்வு விடுபட்டது என்னும் வினா, நூலகத்தாரின் அலுவல் வினாவாக மட்டும் அமையாது, இலக்கிய ஆராய்ச்சியார் எதிர்கொள்ள வேண்டிய வினாவும் ஆகின்றது.

பல இனத்தாரும் பல மொழியாரும் ஒருங்கு பயிலும் பள்ளிகளில் இவ்வினா கூர்மை பெறும். இதனைப் பற்றி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாகச் சொற்போர் நிகழ்ந்து, அதற்குரிய சான்றுகளும் எழுத்தில் நிலைபெற்றுள்ள நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. ஆதலின் அந்நாட்டுச் செய்திகளையே யாம் ஈண்டு ஆராய்ச்சிக்குக் கொள்கின்றோம். ஆராயும் கருவியாகத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் களன், காலம், கூற்று, கேட்போர் என்னும் நான்கனையும், அகத்திணையியல் கூறும் முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டினையும் மேற்கொள்கின்றோம். பிறநாட்டார் இக்காலத்துக் கண்ட கருத்துகள் யாவும் தொல்காப்பியத்தில் முன்னரே உள்ளன என நிறுவுதல் எம் நோக்கமன்று. அந்நூலின் பொருள் வேறு, காலமும் வேறு. நல்ல உளி பிறர் வீட்டு மரத்தையும் செதுக்கும் என்பதே எம் துணிபு.

1. முன்னோடிகள்

இத்துறையில் முதற்பணி பள்ளி நூலகங்களில் தொடங்கிற்றன்று. பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவிலேயே தொடங்கிற்று. 1921-ஆம் ஆண்டில் நியூயார்க்குப் பொது நூலகத்தின் 135-ஆம் தெருக் கிளையில் பணியேற்ற பூரா பெல்ப்ரே என்னும் அம்மையார் புவெர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். தம் பாட்டியார் வழி வழியாகக் கேட்டுக் கூறிய கதைகள் நூலகத் தட்டுகளில் யாண்டும் இல்லாமை கண்ட அவர், அவற்றைத் தாமே குழந்தைகட்கு வாய்மொழியாகக் கூறலானார். கரப்பான் பெண்ணொருத்தியும் எலி ஒருவனும் மணந்த கதையாகிய 'பெரேசு அண்டு மார்ட்டினா' 1932-இல் நூலாக வெளிவந்தது.

அதே கிளைக்கு 1937-இல் வந்தவர் அகஸ்டா பேக்கர் அம்மையார். கறுப்பின மக்களை நகைப்பொருளாகவும் அடிமை மனத்தினராகவும் காட்டிய நூல்களே மிக்கிருந்த நிலையில், அவ்வாறல்லாத நூல்களைத் தேடித் தொகுத்து, 1939-இல் சேம்சு வெல்டன் ஜான்சன் நினைவுத் தொகுதியினை அவர் நிறுவினார். மொழி, கருப்பொருள், ஓவியம் என்னும் மூன்றனையும் அளவையாகக் கொண்டு அவர் ஆக்கிய நூற்பட்டியல் பின்னர்ப் பல பதிப்புகள் கண்டது.

இவ்விருவர் பணியினின்றும் ஓர் உண்மை பெறப்படுகின்றது. தொகுப்பவன் உள்ளவற்றுள்ளேதான் தொகுத்தல் கூடும். வேண்டிய நூல் எழுதப்படாதிருப்பின், நூலகத்தார் ஒன்று தாமே படைத்தல் வேண்டும். அன்றிப் படைப்போரையும் பதிப்போரையும் தூண்டுதல் வேண்டும். பெல்ப்ரே முன்னதனைச் செய்தார். பேக்கர் பின்னதனைச் செய்தார். நம் தொகை நூல்களைப் பற்றிப் பேசுங்கால் தொகுத்தாரையும் தொகுப்பித்தாரையும் வேறு பிரித்துக் கூறும் மரபு உண்டு. பள்ளி நூலகத்தில் தொகுத்தார் நூலகர் ஆயின், தொகுப்பித்தார் பதிப்பகத்தாரும் பொருளுதவும் அரசினருமே ஆவர். குறையைத் தொகுத்தார் தலைமேல் மட்டும் ஏற்றுதல் முறையன்று.

2. களனும் காலமும்

நான்சி லேரிக் என்பார் 1965 செப்டம்பரில் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை இவ்வாராய்ச்சியில் ஒரு திருப்பம் எனலாம். படநூலில் வரும் பிள்ளைகள் எப்பொழுதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருப்பது ஏன் என ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி வினாவியதை முன்வைத்து, அவர் பதிப்பகங்களிடம் கணக்குக் கேட்டார். 1962, 1963, 1964 ஆகிய மூன்றாண்டுகளில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 நூல்களுள், கறுப்பின மாந்தர் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே எனக் கண்டார். இது நூற்றுக்கு 6.7 ஆகும்.

இவ்வெண்ணைப் பலரும் எடுத்துக்காட்டுவர். ஆயின், எம் கருத்தில் அவர்தம் இரண்டாம் கணக்கே ஆழமுடைத்து. அந்த 349 நூல்களுள்ளும் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது, அமெரிக்க நிலப்பரப்பிற்கு அப்பாலோ இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட காலத்திலோ கதையை அமைத்தவை. இன்றைய அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வைக் கூறுவன, மொத்த நூல்களுள் நூற்றுக்கு ஒன்றும் நிரம்பாதவை. இஃது எண்ணிக்கை வினாவன்று, முதற்பொருள் வினா. முதற்பொருளாவது நிலமும் பொழுதும் என்பர். கறுப்பினச் சிறுவன் ஒருவன் ஏட்டில் இடம்பெறலாம். ஆயின் அவனுக்குரிய நிலம் ஆப்பிரிக்கக் காடு, பொழுது அடிமைக் காலம் என வரையறுக்கப்படின், ஈண்டும் இன்றும் அவன் இல்லை என்பதே அந்நூல் கூறாமற் கூறும் செய்தியாகும். அத்தகைய நூல்களால் நிரப்பிய தட்டு, எண்ணால் நிறைந்தும் பொருளால் வறிதாகும். நூலகக் கணக்கெடுப்பார் தலை எண்ணுவதோடு அமையாது, களனையும் காலத்தையும் வினாவுதல் இன்றியமையாதது.

அதே ஆண்டு ஏப்ரலில் நிறைவேறிய தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் இரண்டாம் தலைப்புப் பள்ளி நூலகங்கட்கு நூலும் கற்பித்தற் கருவியும் வாங்கப் பொருள் வழங்கிற்று. வாங்குவார் கையில் பொருள் வந்த காலமும், வாங்கற்குரிய நூல் இல்லை எனச் சுட்டிய காலமும் ஒன்றாயின. பதிப்புலகம் சிறிதே அசைந்தமைக்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணமாயின எனக் கொள்ளல் பொருந்தும்.

3. ஒரு படநூலும் உரிப்பொருளும்

எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்த 'தி ஸ்னோயி டே' 1962-இல் வெளிவந்து, 1963-இல் சிறந்த படநூலுக்குரிய கால்டெகாட் பதக்கத்தைப் பெற்றது. பனி பெய்த நாள் என்பது அத்தலைப்பின் பொருள். பீட்டர் என்னும் கறுப்பினச் சிறுவன் காலையில் எழுந்து பனியைக் காண்கின்றான்; செந்நிற உடை அணிந்து வெளியே செல்கின்றான்; அடிச்சுவடு பதிக்கின்றான்; பனி உருண்டை ஒன்றைச் சட்டைப்பையில் இட்டு வீட்டிற்குக் கொணர்கின்றான்; அஃது உருகிப்போகின்றது. கதை இவ்வளவே. ஆசிரியர் போலந்து நாட்டிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோர்க்குப் புரூக்ளினில் பிறந்தவர்.

இந்நூலையும் லேரிக் குறைகூறினார். பீட்டரின் இனம் ஓவியத்தில் உண்டு, உரையில் இல்லை என்பதும், தாயின் உருவம் பழைய இழிவுச் சித்திரங்களை நினைவூட்டுகின்றது என்பதும் அவர் கூறிய குறைகள். கீட்ஸ் அவ்விதழிலேயே மறுப்பு எழுதினார். பின்னர் 1982-இல் ரூடின் சிம்ஸ் பிஷப் தம் ஆய்வு நூலில், இனவேறுபாடு யாதும் இல்லாதது போல அனைவரையும் ஒரே வார்ப்பாகக் காட்டும் நூல்களை 'உருக்குகலன்' நூல்கள் என வகுத்தார். பீட்டரின் கதை அவ்வகைக்கு எடுத்துக்காட்டாகப் பலராலும் கூறப்படுவது.

இவ்வழக்கினை அகப்பொருள் நெறியால் ஆராய்வாம். அகத்திணையுள் தலைமக்களைச் சுட்டிப் பெயர் கூறுதல் கூடாது என்பது விதி. பெயர் கூறாமையால் அவ்வுணர்வு ஒருவர்க்கே உரியதாகாது, கேட்பார் அனைவர்க்கும் உரியதாகின்றது. கீட்ஸ் இனப்பெயர் கூறாது விட்டமையும் இத்தகைய பயனை விளைத்தது. முதற்பனியைக் கண்ட குழந்தையின் உவகையே அந்நூலின் உரிப்பொருள். அவ்வுவகையை அடையும் உரிமை கறுப்பினச் சிறுவனுக்கும் உண்டு என்பதனை வாதத்தால் நிறுவாது, இயல்பாகக் காட்டியதே அந்நூலின் வெற்றி. ஆகலின், உரையில் இனம் கூறாமையைக் குறையெனக் கொண்ட லேரிக்கின் கூற்று எமக்கு உடன்பாடன்று. ஓவியமும் உரையும் ஒன்றாய் இயங்கும் படநூலில், ஓவியம் கூறியதனை உரையும் கூறல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

எனினும் அகப்பொருள் நெறி இத்துடன் முடிவதன்று. பெயர் கூறாத அதே அகப்பாட்டு, நிலத்தையும் பொழுதையும் விலங்கையும் மரத்தையும் நுணுகி நுணுகிக் கூறுகின்றது. கருப்பொருளாவன தெய்வம், உணவு, பறை, யாழ், தொழில் முதலாயின. இக்காலத்தார் பண்பாடு எனச் சுட்டுவனவற்றுள் பெரும்பாலன இப்பட்டியலுள் அடங்குதல் காணலாம். உரிப்பொருள் பொதுவாகலாம், ஆயின் அது கருப்பொருள் வழியே கேட்போர் நெஞ்சில் தைக்கும். பிஷப் உருக்குகலன் என்று குறித்த குறையாவது, உரியை நிறுத்திக் கருவை நீக்கிவிடுதலேயாம். பீட்டரின் வீட்டில் என்ன சமைத்தனர், தாய் எத்தகைய பேச்சு வழக்கில் அவனை அழைத்தாள், எப்பாட்டுப் பாடித் துயிற்றினாள் என்பன அந்நூலில் இல. ஆகவே, பிஷப்பின் குறையை யாம் ஏற்கின்றோம். ஆயின் அதனை வேறிடத்தில் சார்த்துகின்றோம். சிறிய படநூல் ஒன்று எல்லாவற்றையும் சுமத்தல் இயலாது. கருவற்ற உரி ஒரு நூலில் இருத்தல் குறையன்று. தட்டிலுள்ள நூல்கள் அனைத்தும் அத்தகையனவாயின், அதுவே குறை. குற்றம் நூலின்பாற்பட்டதன்று, தொகையின்பாற்பட்டது.

நியூயார்க்குப் பொது நூலகம் தன் 125-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நூலகத்தில் மிகுதியும் இரவல் பெறப்பட்ட நூல் இதுவே; 485,583 முறை அது வழங்கப்பட்டது. நெடுங்காலம் அச்சில் இருந்தமையும் சிறுநூலாய் அமைந்தமையும் இதற்குத் துணை செய்தன என்பது உண்மை. ஆயினும், கறுப்பினச் சிறுவனைத் தலைவனாகக் கொண்ட நூலைப் பிறர் விரும்பார் என்னும் வணிகர் வாதம் இவ்வொரு சான்றால் வலியிழக்கின்றது.

4. கூற்றும் கேட்போரும்

பிஷப் 1965 முதல் 1979 வரை வெளிவந்த 150 நூல்களை ஆய்ந்து மூவகைப்படுத்தினார். முதல்வகை, வெள்ளையரின் மனச்சான்றைத் தூண்டுவதற்கென எழுதப்பட்டவை. இரண்டாவது, மேற்கூறிய உருக்குகலன் நூல்கள். மூன்றாவது, கறுப்பினப் பிள்ளைகளின் வாழ்வை அவர்தம் மரபுக்குள் நின்று கூறும் பண்பாட்டுணர்வு நூல்கள். இப்பாகுபாட்டின் அடிப்படை கேட்போர் என்னும் உறுப்பேயாகும். முதல்வகை நூலில் கறுப்பினச் சிறுவன் பேசப்படும் பொருளாக உள்ளான், கேட்போனாக இல்லை. தன்னைப் பற்றிய நூலைத் தன் பள்ளித் தட்டிலிருந்து எடுக்கும் அவன், அது தன்னை நோக்கிப் பேசாது தன் தலைக்கு மேலே மற்றொருவரிடம் பேசுவதைக் காண்கின்றான். நல்லெண்ணத்தால் எழுதப்பட்ட நூலும் இவ்வாறு ஒருவனைப் புறத்தே நிறுத்தல் கூடும் என்பது பிஷப்பின் ஆய்வால் யாம் பெறும் அரிய செய்தி.

அடுத்தது கூற்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் இயங்கும் கூட்டுறவுக் குழந்தைகள் நூல் நடுவம், 1985-இல் அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 2,500 குழந்தை நூல்களுள் ஆப்பிரிக்க அமெரிக்கர் எழுதியோ வரைந்தோ வெளிவந்தவை 18 மட்டுமே எனக் கண்டது. 2014-இல் வால்டர் டீன் மையர்ஸ் என்னும் எழுத்தாளர், முந்திய ஆண்டின் 3,200 நூல்களுள் கறுப்பின மக்களைப் பற்றியவை 93 என அந்நடுவத்தின் கணக்கைக் காட்டி வருந்தினார். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து வளர்ச்சி கண்டதாகக் கூறுதல் பிழையாகும். முன்னது எவர் கூறினர் என்னும் கணக்கு; பின்னது எவரைப் பற்றிக் கூறினர் என்னும் கணக்கு. கூற்றும் பொருளும் வேறு வேறு உறுப்புகள். ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறைவால் மறைத்தல் கூடாது.

கூற்றினைப் பிறப்போடு முற்றும் பிணித்தலும் எமக்கு உடன்பாடன்று. பெண்ணின் கூற்றாக ஆடவர் பாடிய அகப்பாட்டுகளை இழிந்தன எனத் தள்ளுவார் யார்? பிறர் நெஞ்சுட்புகுந்து பேசுதல் இலக்கியத்தின் இயல்பான உரிமை. ஆயின் அத்தொகைகளிலேயே ஔவையாரும் வெள்ளிவீதியாரும் தம் குரலிலும் பாடியுள்ளனர். அவர் பாடாதிருந்து, ஆடவர் பாடிய பெண் கூற்று மட்டுமே எஞ்சியிருப்பின், நாம் இழந்தது எத்துணை என எண்ணிப்பார்த்தல் வேண்டும். பிறர்க்காகப் பேசும் உரிமை, அப்பிறரும் பேசும் இடம் உள்ளவழியே அறமாகும்.

5. கண்ணாடி உவமம்

1990-இல் பிஷப் எழுதிய குறுங்கட்டுரையொன்றில், நூல் சிலபோது சாளரமாகவும், சிலபோது நுழைந்து செல்லும் கண்ணாடிக் கதவாகவும், ஒளி பொருந்திய வழிக் கண்ணாடியாகவும் அமையும் என உவமித்தார். பெரும்பான்மையினராகிய பிள்ளைகள் தம் முகத்தையே எங்கும் காண்பதும் அவர்க்குக் கேடு என்பதனை அவர் உடன் வற்புறுத்தினார். இவ்வுவமம் பள்ளி நூலகத்தாரிடையே பெருவழக்காயிற்று.

பெருவழக்கில் உவமம் தேய்தல் இயல்பு. சாளரமும் கதவும் மறக்கப்பட்டுக் கண்ணாடி மட்டும் நிற்பதனை இன்று பல இடத்துக் காண்கின்றோம். சிறுமி ஒருத்தியின் நிறத்தை நோக்கி, அந்நிறத்தார் பற்றிய நூலை எடுத்து நீட்டுதலே பன்மைப் பண்பாடு பேணுதல் எனக் கொள்ளப்படுகின்றது. அச்சிறுமி விண்மீன்களைப் பற்றி அறிய வந்தவளாக இருக்கலாம். குதிரைக் கதை தேடி வந்தவளாக இருக்கலாம். கண்ணாடி உள்ள முகத்தைக் காட்டுமேயன்றி, ஆகவிருக்கும் முகத்தைக் காட்டாது. நூலோ பிறிதொருவராய்ச் சிறிதுபொழுது வாழும் வாய்ப்பினைத் தருவது.

இவ்விடத்துச் சீர்காழியிற் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராய் அமர்ந்த அரங்கநாதனாரின் நெறி துணை செய்கின்றது. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள், படிப்பார் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் உண்டு என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றற்கும் உரிய படிப்பார் உண்டு என்பது மூன்றாவது. கண்ணாடி உவமத்தை மட்டும் பற்றியவர் இரண்டாம் விதியைக் குறுக்கிக்கொண்டு மூன்றாம் விதியை மறந்தவராவர். புவெர்ட்டோ ரிக்கோ கதைக்கு உரிய படிப்பார் அத்தீவுப் பிள்ளைகள் மட்டும் அல்லர். தனித்தட்டில் அந்நூல்களை ஒதுக்கி வைத்தலும், ஆண்டில் ஒரு திங்கள் மட்டும் அவற்றை மேசைமேற் பரப்புதலும் அவற்றிற்குரிய படிப்பாரைக் குறைக்கும் செயல்களேயாம். தட்டில் எல்லா நூல்களோடும் கலந்து வைத்து, நூற்பட்டியில் தொடர்பு காட்டி இணைத்தல் தக்கது. அவ்வாறாயின் தேடுவார்க்கும் கிட்டும். தேடாதார் கண்ணிலும் படும்.

6. நீக்கமும் ஒரு தீர்ப்பு

சேர்த்தலைப் பற்றியே இதுகாறும் கூறினோம். நீக்கலும் தேர்வின் மறுமுகமாகும். நியூயார்க்கு மாநிலத்து ஐலண்டு டிரீசு பள்ளி வட்டாரத்தார் 1976-இல் தம் பள்ளி நூலகங்களினின்றும் சில நூல்களை நீக்கினர். ரிச்சர்டு ரைட்டின் 'பிளாக் பாய்', பிரி தாமசின் 'டவுன் தீஸ் மீன் ஸ்ட்ரீட்ஸ்' ஆகியன அவற்றுள் அடங்கும். மாணவர் வழக்குத் தொடர, 1982-இல் உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் மாணவர் பக்கம் முடிவு செய்தது. கருத்துப் பிடிக்காமை ஒன்றனாலேயே நூலை நூலகத்தினின்றும் அகற்றுதல் கூடாது என்பது முதன்மைத் தீர்ப்புரையின் சாரம். எனினும் பெரும்பான்மையோர் உடன்பட்ட ஒரே தீர்ப்புரை அமையாமையின், அதன் வலிமை பற்றிய ஐயம் நிலைத்தது.

பென் அமெரிக்கா என்னும் எழுத்தாளர் அமைப்பு 2021 சூலை முதல் 2022 சூன் வரை 2,532 நீக்க நிகழ்ச்சிகளைக் கணக்கிட்டது. ஆய்வு முடியுந்துணையும் விலக்கி வைக்கப்பட்டனவும் இதன்கண் அடங்கும். நீக்கப்பட்ட 1,648 நூல்களுள் நூற்றுக்கு நாற்பது, வெள்ளையரல்லாத மாந்தரைத் தலைமையிடத்தோ அதனை அடுத்த சிறப்பிடத்தோ கொண்டவை. பெல்ப்ரேயும் பேக்கரும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த வகையைச் சேர்ந்த நூல்கள், ஓராண்டினுள் இத்துணை விரைவில் தட்டினின்றும் இறங்குதல் கூடும். நூல் வாங்கும் பொருளிருந்தும் பட்டியல் இருந்தும், இன்ன நூலை இன்ன காரணத்தாற் கொண்டோம் என எடுத்துரைக்கும் திறனாய்வு இல்லாத நூலகம், முதல் எதிர்ப்பிலேயே வாயடைத்துப்போகும். பள்ளி நூலகத்திற்குத் திறனாய்வு வேண்டும் என்று யாம் வலியுறுத்துவது இதுபற்றியேயாம்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிபுகள் சில. எண்ணிக்கை தொடக்கமேயன்றி முடிவன்று. களனும் காலமும் உடன் எண்ணப்படல் வேண்டும். பொதுமை பேசும் நூல் இழுக்குடைத்தன்று. ஆயின் கருப்பொருள் செறிந்த நூல்கள் அதன் அருகே நிற்றல் வேண்டும். எவர் கூறினர், எவர்க்குக் கூறினர் என்னும் இரு வினாக்களையும் வேறு பிரித்தே கேட்டல் வேண்டும். தனி நூலிடத்து முழுமையை எதிர்பாராது, தொகையிடத்து அதனை எதிர்பார்த்தல் வேண்டும்.

குழந்தை நூல் திறனாய்வுக்குரிய பொருளன்று என எண்ணுவார் நம்மிடையேயும் உளர். தமிழ் முதுகலை பயின்று வெளியேறுவாருள் பலர் பள்ளிகளில் ஆசிரியராய் அமர்கின்றனர். நூலகத்திற்கு நூல் குறித்துக் கொடுக்கும் பணியும் அவரிடமே பலகால் வந்து சேர்கின்றது. ஐங்குறுநூற்றுப் பாட்டில் கூற்றும் கேட்போரும் யாவர் என வகுத்தறியப் பயின்ற அவர், இருபது பக்கப் படநூலை எடுத்தவழியும் அவ்வினாக்களையே கேட்பாராயின், அத்தட்டின்முன் நிற்கும் பிள்ளைகட்கு அதனினும் சிறந்த உதவி பிறிதில்லை.